விழிக்க வைக்கும் கொட்டையும் அடங்க வைக்கும் வேரும்



பழனி மலை என்றவுடன் நம் நெஞ்சில் முதலில் தோன்றுவது முருகன் திருக்கோயில். அடுத்துத் தோன்றுவது கோடைக்கானல் ஏரியும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மலைச் சரிவுகளை நீலமாக்கும் குறிஞ்சியும் ஆகும். இன்று நான் சொல்ல வந்தது இவற்றின் வரலாறு அன்று. இந்த மலையிலும், இது கிளைத்து வந்த மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தோன்றி வளரும் மூன்று பொருள்களைப் பற்றியே பேசப் போகிறேன். ஒன்று, உறக்கத்தை விரட்டும் காப்பிக் கொட்டை. இரண்டாவது, கொந்தளிப்பை அடக்கும் சர்ப்பகந்தி வேர். மூன்றாவது, கண்ணுக்கு இல்லாததைக் காட்டும் ஒரு காட்டுக் காளான்.

ஒன்று எழுப்புகிறது, ஒன்று அடக்குகிறது, ஒன்று மயக்குகிறது. ஒரு சிட்டிகை அளவுப் பொருள் மனிதனின் மனத்தையும் நடத்தையையும் எப்படி இவ்வாறு மாற்றுகிறது? இந்தக் கேள்விக்கு விடை காண அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் உழைத்தார்கள். அவர்கள் கண்ட விடையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். எந்த மருந்தும் நமக்குள் இல்லாத ஆற்றலை வெளியிலிருந்து கொண்டுவந்து தருவதில்லை. நம் உடலில் முன்னமே அமைந்திருக்கும் பூட்டுகளில் நுழைந்து, அவற்றைத் திறப்பதோ அடைப்பதோதான் அது செய்யும் வேலை. இதை உணர்ந்துகொண்டவன், தேர்வு நாளில் எத்தனை குவளை காப்பி குடிக்கலாம் என்பதைப் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை.

முதலில் காப்பியைப் பார்ப்போம். காப்பிச் செடியின் தாயகம் நம் நாடு அன்று. எத்தியோப்பியாவின் மலைக் காடுகளே அதன் பிறப்பிடம். அங்கிருந்து செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டுக்குச் சென்று, அரபு மக்களின் பானமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் பெரியவர் ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து மைசூர் நாட்டுச் சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தோட்டப் பயிராகக் காப்பி நம் மலைகளில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில்தான்.

அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழனி மலை வெளியுலகம் அறியாத நாடாகவே இருந்தது. 1821இல் வார்டு என்னும் ஆங்கிலேய அளவையாளர் மலைமேல் ஏறி அதை அளந்தார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார், வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்புவதற்காகக் கோடைக்கானலில் வீடு கட்டினர். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு ஓடைக்குக் குறுக்கே கரையிட்டு இன்றுள்ள ஏரியை அமைத்தார். இவையெல்லாம் இரண்டாயிரம் மீட்டர் உயரத்திலுள்ள மேல்மலையின் செய்திகள். அங்கே குளிர் மிகுதி, உறைபனியும் விழும், காப்பிச் செடி தாங்காது. அதற்கு ஏற்ற இடம் ஆயிரம் மீட்டரை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் அமைந்த கீழ்ப்பழனி மலையே. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர், பன்றிமலை முதலிய ஊர்களைச் சுற்றிக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன.

இந்தத் தோட்டங்களின் அமைப்பை நீங்கள் நேரில் காண வேண்டும். காப்பிச் செடி வெயிலில் வாடும், நிழலில் செழிக்கும். ஆகவே உயர்ந்த மரங்களின் நிழலில், மலை வாழையும் ஆரஞ்சும் மிளகுக் கொடியும் சூழ, அது நடுவே நிற்கும். பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தால், சில நாள்களில் மல்லிகை போன்ற வெண்பூக்கள் கிளை முழுவதும் மலர்ந்து மணக்கும். அந்த மழையைப் பூ மழை என்பர். பூ காயாகி, காய் சிவந்து பழமாக, மார்கழி தையாகும். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன.

மலையில் விளைந்த காப்பி முதலில் கப்பலேறி அயல்நாட்டுக்குச் சென்றது. பின்னர் நம் வீட்டு அடுப்படிக்கும் வந்துசேர்ந்தது. விடியற்காலையில் நீராகாரம் அருந்தி வயலுக்குச் சென்ற தமிழ்நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பி முதலிடம் பெறத் தொடங்கியது. பெரியோர் பலர் கண்டித்தனர். உடலைக் கெடுக்கும் பழக்கம் என்றனர். ஆயினும் காப்பி வென்றது. ஏன் வென்றது? சுவை மட்டும் காரணமன்று. அதைக் குடித்தவனுக்குச் சோர்வு அகன்றது, கண் விழித்தது, வேலை ஓடிற்று. அந்த ஊக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி.

கொட்டைக்குள் இருக்கும் பொருளை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய இளைஞர் ரங்கே. செடிப்பொருள்கள் கண்மணியை விரியச் செய்வதை ஆராய்ந்துகொண்டிருந்த அவரிடம், மகாகவி கதே சில காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து, இவற்றையும் ஆராய்ந்து பாரும் என்று தூண்டினார். 1819இல் ரங்கே அவற்றிலிருந்து வெண்ணிறமான, கசப்பான ஒரு பொருளைப் பிரித்தார். அதுவே காஃபீன். தேயிலையிலிருந்து கிடைத்த பொருளும் அதுவேதான் என்பது பின்னர்த் தெரிந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் எமில் ஃபிஷர் என்னும் வேதியியலார் அதன் அணு அமைப்பைக் கண்டு, ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செய்தும் காட்டினார். பொருள் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆனால் அது வேலை செய்யும் வகை தெரியவில்லை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஓர் அறிஞர் வருகிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிவர்ஸ் என்பவர் 1901ஆம் ஆண்டு நீலகிரிக்கு வந்து, தோடர்களிடையே தங்கி, அவர்களுடைய வாழ்க்கை முறையை ஆராய்ந்தார். அவர் எழுதிய தோடர் பற்றிய நூல் 1906இல் வெளிவந்தது. அதே ரிவர்ஸ், மறு ஆண்டில், வெப்பர் என்பவருடன் சேர்ந்து, காஃபீன் மனிதனின் உழைப்புத் திறனை எவ்வாறு மாற்றுகிறது என்னும் ஆராய்ச்சியையும் வெளியிட்டார். ஒரு விரலால் எடையை மீண்டும் மீண்டும் தூக்கச் செய்து, களைப்பு எப்போது வருகிறது என்பதைக் கருவியால் பதிந்தார்.

அவர் கையாண்ட முறையை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மருந்து குடித்தோம் என்ற எண்ணமே சிலருக்கு ஊக்கம் தந்துவிடும் அல்லவா? ஆகவே, குடிப்பது மருந்தா வெறும் கலவையா என்பது குடிப்பவருக்குத் தெரியாதபடி சுவையையும் தோற்றத்தையும் ஒன்றுபோல ஆக்கினார். அப்படிச் சோதித்த பின்னும் காஃபீன் உழைப்பைக் கூட்டியது. மனம் செய்த மாயம் எது, மருந்து செய்த வேலை எது என்று பிரித்தறிய வேண்டும் என்னும் இந்த எச்சரிக்கையே இன்றைய மருந்துச் சோதனைகளுக்கெல்லாம் அடித்தளம்.

அதே கேம்பிரிட்ஜில், அதே ஆண்டுகளில், லாங்லி என்னும் உடலியல் அறிஞர் வேறொரு புதிரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். புகையிலையிலுள்ள நிகோட்டீன் கோழியின் தசையைச் சுருங்கச் செய்தது. அம்பு நுனியில் தடவும் கியூராரே என்னும் நஞ்சு அந்தச் சுருக்கத்தைத் தடுத்தது. தசைக்குச் செல்லும் நரம்பை அறுத்த பின்னும் இவ்விரண்டும் நிகழ்ந்தன. ஆகவே தசையணுவிலேயே இப்பொருள்களை ஏற்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று 1905இல் அவர் முடிவு கட்டினார். இன்று நாம் ஏற்பி என்று சொல்வது அதைத்தான்.

பூட்டும் சாவியும் என்ற உவமையால் இதை விளக்கலாம். அணுவின் மேற்பரப்பில் பூட்டு இருக்கிறது. உடலே உண்டாக்கும் ஒரு பொருள் அதற்கு உரிய சாவி. சாவி நுழைந்து திரும்பினால் அணுவுக்குள் செய்தி செல்கிறது. அந்தச் சாவியை ஒத்த வேறொரு பொருள் வெளியிலிருந்து வரலாம். அதுவும் திரும்பினால், அது போலிச் சாவி. நுழைந்தும் திரும்பாமல் துளையை அடைத்துக்கொண்டு நின்றால், அது அடைப்பான். உண்மைச் சாவிக்கும் இடமில்லாமற் போய்விடும். நிகோட்டீன் முதல் வகை; கியூராரே இரண்டாம் வகை.

காஃபீன் எந்த வகை? லாங்லியும் ரிவர்ஸும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தும், ஒருவர் கண்டதும் மற்றவர் கண்டதும் ஒன்றாக இணைவதற்கு அறுபது எழுபது ஆண்டுகள் ஆயின. ஏனென்றால், காஃபீனுக்குரிய பூட்டு எதுவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. 1929இல் அடினோசின் என்னும் பொருள் இதயத் துடிப்பைத் தணிப்பதை டுரூரி, சென்ட்-கியார்கி என்னும் இருவர் கண்டனர். மூளை உழைக்கும்போது ஆற்றல் செலவாகிறது. அந்தச் செலவின் எச்சமாக அடினோசின் சேருகிறது. விழித்திருக்கும் நேரம் நீள நீள அது மிகுகிறது, உறங்கும்போது குறைகிறது. மூளையணுக்களிலுள்ள ஏற்பிகளில் அது நுழைந்து, உழைத்தது போதும், ஓய்வு கொள் என்று அறிவிக்கிறது. உறக்கம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1970இல் சாட்டின், ரால் என்பவர்கள் மூளைத் துண்டுகளில் அடினோசினின் வேலையைக் காஃபீன் தடுப்பதைக் காட்டினர். 1981இல் சாலமன் ஸ்னைடரும் உடனுழைத்தவர்களும், விலங்குகளை ஓடியாடச் செய்யும் காஃபீனின் இயல்பு அடினோசின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் அதன் வலிமையோடு தொடர்புடையது என்று எழுதினர். 2005இல் முடிவான சான்று கிடைத்தது. அடினோசின் ஏற்பிகளுள் ஒரு வகை இல்லாத எலிகளுக்குக் காஃபீனைக் கொடுத்தனர். மற்ற எலிகள் விழித்துத் திரிந்தன. ஏற்பியற்ற எலிகளோ காஃபீன் கொடுக்காதவைபோல் உறங்கின. பூட்டு இல்லாத இடத்தில் சாவிக்கு வேலையில்லை என்பது இதனால் நிறுவப்பட்டது.

இப்போது விடை தெளிவாகிறது. காஃபீன் ஓர் அடைப்பான். அது நமக்கு வலிமை எதையும் ஊட்டுவதில்லை. களைப்பு என்னும் செய்தி மூளைக்கு எட்டாதபடி வழியை மறிக்கிறது. செய்தியைத்தான் மறைக்கிறதே அன்றி, களைப்பை நீக்கவில்லை. நெருப்பு எரிந்துகொண்டிருக்க, அபாய மணியின் நாவைக் கட்டிவைப்பது போன்றது அது. காஃபீன் விலகியதும், அதுவரை சேர்ந்திருந்த அடினோசின் எல்லாப் பூட்டுகளிலும் ஒருசேர நுழைகிறது. அப்போது வரும் சோர்வு முன்னைவிடப் பெரிதாகத் தோன்றும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் தலைவலியும் சோம்பலும் சில நாள் வருத்துவதும் உடல் இந்த அடைப்புக்குப் பழகிவிட்டதனாலேயே.

இதுவரை எழுப்பும் கொட்டையைப் பார்த்தோம். ஆனால் நடத்தையை மாற்றும் பூட்டு இது ஒன்றுதானா? இல்லை. அதை அறிய அடங்க வைக்கும் வேரிடம் செல்ல வேண்டும்.

சர்ப்பகந்தி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும், இமயத்தின் அடிவாரத்திலும் வளரும் சிறு செடி. பித்துக்கும் உறக்கமின்மைக்கும் பாம்புக் கடிக்கும் அதன் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். 1931இல் வங்காளத்தைச் சேர்ந்த கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும், இரத்தக் கொதிப்பையும் மனக் கொந்தளிப்பையும் இவ்வேர் தணிப்பதை மருத்துவ இதழில் எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் இவ்வேர் தந்த பயனை ஆங்கில இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் வேரின் சாரமான ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளில், கட்டிவைக்க வேண்டியிருந்த நோயாளிகள் அம்மருந்தால் அமைதியுற்றனர். வக்கீலுக்கு 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

அந்த வேர் மூளையில் என்ன செய்தது? இங்கேதான் செரோட்டோனின் என்னும் பொருள் மேடைக்கு வருகிறது. 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், ஆர்டா கிரீன், பேஜ் ஆகிய மூவர், இரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருளை இரத்தத்திலிருந்து பிரித்து, அதற்குச் செரோட்டோனின் என்று பெயரிட்டனர். இத்தாலியில் எர்ஸ்பமேர் குடலில் முன்னரே கண்ட பொருளும் அதுவே என்று தெரிந்தது. அது குடலுக்கும் குருதிக்கும் உரியது என்றே எல்லாரும் எண்ணினர். பெட்டி டுவாரோக் என்னும் இளம் பெண் ஆராய்ச்சியாளர் அவ்வாறு எண்ணவில்லை. கடற்சிப்பியின் இதயத்தைச் சோதனைக் கருவியாகக் கொண்டு, மூளையிலும் செரோட்டோனின் உண்டு என்பதை 1953இல் மெய்ப்பித்தார்.

இரண்டே ஆண்டுகளில் வேரும் செரோட்டோனினும் சந்தித்தன. 1955இல் பிராடி என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தபோது, அவற்றின் மூளையிலிருந்த செரோட்டோனின் வற்றிவிட்டது. முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. மனத்தின் நிலைக்கும் மூளையிலுள்ள ஒரு வேதிப்பொருளின் அளவுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குக் கிடைத்த முதற் சான்றுகளுள் இது ஒன்று. ஆயினும் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. ரெசர்ப்பின் டோப்பமின் முதலிய பிற பொருள்களையும் வற்றச் செய்தது. சுவீடன் நாட்டுக் கார்ல்சன், டோப்பமின் உண்டாவதற்கு வேண்டிய மூலப்பொருளைக் கொடுத்து அத்தகைய முயல்களை மீண்டும் எழுந்து நடமாடச் செய்தார். அவருக்கு 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. மனத்தை ஒரே பொருள் ஆள்வதில்லை. பல பொருள்கள் ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் ஆள்கின்றன என்பதே இதனால் அறியும் பாடம்.

பொருள்கள் மட்டுமா பல? பூட்டுகளும் பல. 1957இல் எடின்பரோவில் கேடமும் பிக்கரெல்லியும், ஒரே செரோட்டோனினுக்குக் குடலில் இரு வகை ஏற்பிகள் இருப்பதைக் கண்டனர். இன்று அறியப்பட்டவை ஏழு குடும்பங்களைச் சேர்ந்த பதினான்கு வகைகள். ஒரே சாவி ஒரு கதவைத் திறந்து விளக்கேற்றுகிறது. இன்னொரு கதவில் நுழைந்து விளக்கை அணைக்கிறது.

இந்த அறிவு ஊக்க மருந்துகளைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிவிட்டது. ஆம்ஃபெட்டமின் என்பது 1887இல் முதன்முதலில் செய்யப்பட்ட பொருள். 1930களில் அது மருந்தாகி, இரண்டாம் உலகப் போரில் பல நாட்டுப் படைவீரர்களுக்கு உறக்கத்தை விரட்டக் கொடுக்கப்பட்டது. இதுவும் கொக்கெயினும் மூளையில் டோப்பமினை மிகுவித்து மனிதனைக் கிளர்ச்சியுறச் செய்கின்றன. அவ்வாறாயின் டோப்பமின் ஒன்றே போதும் என்று தோன்றும். ஆனால் ஆய்வுகள் வேறு கூறின. செரோட்டோனின் ஏற்பிகளுள் 2ஏ என்னும் வகையை அடைத்தால், ஊக்க மருந்தால் எலிகள் பதறி ஓடும் ஓட்டம் தணிகிறது. 2சி என்னும் வகையைத் தூண்டினாலும் அவ்வாறே தணிகிறது. அதையே அடைத்தால் ஓட்டம் மிகுகிறது. ஒன்று முடுக்கி, மற்றொன்று கடிவாளம். 1998இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், 1பி என்னும் ஏற்பி இல்லாத எலிகள் கொக்கெயினை நாடுவதில் மற்றவற்றைவிட முனைந்து நின்றன.

1999இல் இன்னும் வியப்பான செய்தி வந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், டோப்பமினைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் அமைப்பு இல்லாத எலிகளை வளர்த்தனர். அவை ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு ஊக்க மருந்தைக் கொடுத்தபோது, மேலும் ஓடுவதற்கு மாறாக, அவை அமைதியுற்றன! செரோட்டோனினை மிகுவிக்கும் மருந்தைக் கொடுத்தபோதும் அமைதியுற்றன. அடக்கியது செரோட்டோனின் வழி என்று ஆராய்ந்தவர்கள் கருதினர். எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. ஆயினும் ஓர் உண்மை ஐயமற விளங்குகிறது. ஒரு மருந்தைத் தனியே வைத்து, இது ஊக்கம் தரும் என்று சொல்ல இயலாது. அது நுழையும் உடலில் எந்தப் பூட்டுகள் எந்நிலையில் உள்ளன என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். மருத்துவர் ஒரு மாணவனுக்கு ஆராய்ந்து அளித்த மாத்திரையை மற்றொருவன் கேட்டு வாங்கி விழுங்குவது ஏன் அறிவீனம் என்பது இப்போது விளங்கும்.

இனி மூன்றாவது பொருள். கோடைக்கானலின் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அது. மேல்மலையின் ஈரப் புல்வெளிகளில் மழைக்காலத்தில் முளைக்கும் காளான்களுள், சைலோசைபின் என்னும் பொருள் கொண்டவையும் உண்டு. அவற்றைத் தேடி வெளியூர்களிலிருந்து இளைஞர்கள் வருகின்றனர். இந்தப் பொருளை மெக்சிக்கோ நாட்டுக் காளானிலிருந்து 1958இல் பிரித்தெடுத்தவர் சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன். உடலுக்குள் சென்றதும் அது செரோட்டோனினை ஒத்த ஒரு பொருளாக மாறுகிறது. 1998இல் ஜூரிச் நகரில் ஃபோலன்வைடரும் உடனுழைத்தவர்களும் ஒரு சோதனை செய்தனர். செரோட்டோனின் 2ஏ ஏற்பியை அடைக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்துப் பின்னர்ச் சைலோசைபினைக் கொடுத்தபோது, பொய்த் தோற்றங்கள் எழவில்லை. ஆகவே அந்தக் காளான் காட்டும் காட்சி விண்ணிலிருந்து இறங்கிய ஞானமும் அன்று. மலை அளித்த வரமும் அன்று. நம் மூளையின் ஒரு பூட்டில் போலிச் சாவி ஒன்று திரும்பியதன் விளைவே அது.

மனச்சோர்வு நோய்க்கு இப்பொருள் பயன்படுமா என்று மருத்துவ அறிஞர்கள் இன்று அளந்த அளவில், உடனிருந்து காத்து, ஆராய்ந்து வருகின்றனர். அது வேறு. பெயர் அறியாத காளானைக் காட்டோரத்தில் வாங்கி உண்பது வேறு. உயிரைக் குடிக்கும் நச்சுக் காளான்கள் தோற்றத்தில் இவற்றை ஒத்திருப்பது உண்டு. பொய்த் தோற்றத்தில் மயங்கிய நிலையில் மலை விளிம்பில் நிற்பவனுக்குப் பள்ளமும் சமவெளியாகத் தோன்றலாம். சைலோசைபின், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது என்பதையும் மறவாதீர்.

மாணவ நண்பர்களே, இந்த மூன்று பொருள்களையும் சேர்த்துப் பாருங்கள். காப்பிக் கொட்டை களைப்பின் பூட்டை அடைக்கிறது. சர்ப்பகந்தி வேர் சாவிகளையே வற்றச் செய்கிறது. காளான் போலிச் சாவியைத் திருப்புகிறது. மூன்றும் வெவ்வேறு வழியில் ஒரே உண்மையைச் சொல்கின்றன. பூட்டுகள் நம்முடையவை, அவற்றை இயற்கை ஒரு காரணத்தோடு அமைத்திருக்கிறது. களைப்பு என்பது பகையன்று; அது நம் உடல் நமக்கு அனுப்பும் நல்ல தூதன். தூதனின் வாயைப் பொத்துவது சில வேளைகளில் தேவைப்படலாம். என்றும் அதுவே வழக்கமாகிவிட்டால் நாடு கெடும்.

ஆகவே காப்பியை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. தாண்டிக்குடி உழவர் பாடுபட்டு விளைத்த காப்பியைக் காலையில் அளவோடு அருந்துவது குற்றமன்று. ஆனால் அது எவ்வளவு நேரம் உடலில் நிற்கிறது என்பதை அறிந்து அருந்துங்கள். குடித்த காஃபீனில் பாதி கழிவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 2013இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலாக உறக்கத்தை இழந்தனர். அவ்வளவு காஃபீன் நாலைந்து குவளைக் காப்பியில் இருக்கலாம். படித்த பாடம் நினைவில் ஊன்றுவதற்கு உறக்கம் வேண்டும் என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட செய்தி. இரவெல்லாம் காப்பி குடித்து விழித்துப் படிப்பவன், பயிரை நட்டுவிட்டு நீர் பாய்ச்சும் மடையை அடைப்பவனுக்கு ஒப்பாவான்.

மலைக்கும் ஒரு கடமை நமக்குண்டு. உலகம் முழுவதும் வாங்கத் தொடங்கியபின், சர்ப்பகந்தி வேரைக் காடுகளில் தோண்டித் தோண்டி எடுத்தனர். செடி அருகிப்போயிற்று. 1990இல் அது, அழிவுக்கு அஞ்சத்தக்க உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மனித மூளையின் பூட்டு ஒன்றைக் காட்டிக் கொடுத்த செடிக்கு நாம் செய்த கைம்மாறு அது! பெயரிடப்படாத இன்னும் எத்தனை செடிகள் பழனி மலைச் சோலைகளில் நமக்காகக் காத்து நிற்கின்றனவோ, யார் அறிவார்?

கோடைக்கானலுக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயக்கத்தைத் தேடிச் செல்லாதீர்கள். மயக்கம் எவ்வாறு உண்டாகிறது என்னும் அறிவைத் தேடிச் செல்லுங்கள். காப்பித் தோட்டத்தின் நிழலில் சற்று நில்லுங்கள். சோலையின் செடிகளைப் பறிக்காமல் பார்த்து, அவற்றின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவு குளிரில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நன்றாக உறங்குங்கள். மறுநாள் காலையில் நீங்கள் பெறும் தெளிவை எந்தக் கொட்டையும் வேரும் காளானும் தரமாட்டா.